மூன்று இஞ்ச் தண்ணீர்

என் அக்கா புருஷனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போர்க்காரர் என்றால்தான் தெரியும். முப்பது வருஷமாக ஊர் நிலத்தைத் துளைத்துப் போர் கிணறு போட்டவர். அந்த இயந்திரச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவரிடம் ரகசியம் சொல்வதும் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான்.

ஒவ்வொரு போர் முடிந்ததும் ஒரு சீட்டு எழுதித் தருவார். ஆழம், குழாய் நீளம், குழாயில் எத்தனை இஞ்ச் தண்ணீர் கொட்டுகிறது, கீழே கையெழுத்து. ஜனங்கள் அதை நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைப்பார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது, மூன்று இஞ்ச் என்று.

எங்கள் ஊரில் முந்நூறு வீடு. கிழக்கு மேட்டில் ஆயிரத்து இருநூறு வீடு கட்டப்போவதாக ஒரு கம்பெனி பலகை நட்டது. படத்தில் நீச்சல்குளம் வேறு. அதைப் பார்த்த மச்சானுக்குத் தலைக்கேறிவிட்டது.

"மேட்டுக்கு அடியில வெறும் பாறை மாப்பிள்ளை! பாறையைப் பிழிஞ்சா குடிப்பானுங்க?"

என் தையல் கடைதான் எதிர்ப்பு ஆபீஸ் ஆனது. வெட்டாத துணி ஒரு பக்கம், மனுக்கள் ஒரு பக்கம். வீடு வீடாக ஏறி இறங்கி இருநூற்றுச் சொச்சம் கையெழுத்து வாங்கினார் மனுஷன். எனக்கு அப்படி ஒரு பெருமை.

கருத்துக் கேட்கும் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். மச்சான் எழுந்து மைக்கைத் தள்ளி வைத்தார்.

"இந்த ஊர்ல தண்ணி இல்லைங்க. நான் தோண்டினவன், நான் சொல்றேன்!"

கைதட்டல் ஓய்ந்ததும் கூட்டத்தை நடத்திய அதிகாரியம்மா ஃபைலிலிருந்து ஏழு சீட்டுகளை எடுத்தார். மேட்டு நிலத்தை விற்ற ஏழு பேரும் பத்திரத்தோடு கம்பெனியிடம் கொடுத்தவை.

"இதெல்லாம் உங்க கையெழுத்துதானேங்க?"

"ஆமா."

"மூணு இஞ்ச். இது மூணேகால். இதுவும் மூணு. நீங்க எழுதினதை நம்பித்தான் திட்டமே போட்டிருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் இறங்கியதை அன்றுதான் கேட்டேன்.

"அது கூட்டி எழுதினதுங்க. தோண்டி முடிச்சதும் வீட்டுக்காரங்க என் வாயையே பார்ப்பாங்க. ஒண்ணுன்னு சொல்ல மனசு வராது. மூணுன்னு எழுதிருவேன்."

"இந்த ஏழு பேருக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

 எனக்கு வந்த கோபத்தில், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் எழுந்தேன். வாயில் வந்ததோ வேறு.

"என் போர் பத்து நிமிஷம்தான் ஓடும்."

ஒன்பது வருஷமாக இதை நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஊருக்கே மூன்று இஞ்ச் வருகிறது, என் ராசிதான் சரியில்லை என்று நினைத்திருந்தேன். கேட்டவர்களிடம் மோட்டார் ரிப்பேர் என்று புளுகினேன்.

முன் பெஞ்சிலிருந்த மளிகைக்கடைக்காரர் வெடுக்கென்று திரும்பினார். "உங்களுக்கும் அப்படியா? எனக்கு எட்டு நிமிஷம்!"

"எங்க வீட்ல வத்தி ரெண்டு வருஷமாச்சு," என்றார் டீச்சரம்மா. "தங்கச்சி வீட்லேருந்து கேன்ல கொண்டு வர்றேன்."

அதன் பிறகு வரிசையாக எழுந்தார்கள். ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம், காற்றுதான் வருகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டோம். கம்பெனி எஞ்சினியர் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தார். ஆயிரத்து இருநூறு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லப் போன எங்களுக்கு, இருக்கிற முந்நூறு வீட்டுக்கே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. 

"இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டார் அதிகாரியம்மா. தந்தால் எங்கள் நிலத்தை இனி ஒருத்தரும் சீந்தமாட்டார்கள். தந்தோம். மறுபடி அளந்து பார்க்கும்வரை திட்டம் நிறுத்தம் என்று அறிவித்தார். ஜெயித்துவிட்டோம், ஆனால் ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை.

பெண்கள் வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். தன் குழாயிலிருந்து பக்கத்து இரண்டு வீட்டுக்கும் தினமும் தண்ணீர் விடுகிறவள் அவள்.

"நம்ம வீட்டுது எவ்வளவுங்க?"

காது கேட்காத மாதிரி நின்றார் மச்சான். அவள் விடவில்லை, கிட்டே போய்க் கேட்டாள்.

"உன்கிட்ட ரெண்டரைன்னு சொன்னேன். போட்ட அன்னிக்கே அரைதான்."

அக்கா அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?"

மொத்தக் கூட்டமும் அவர் வாயையே பார்த்தது.

"அடுத்த கோடை வரைக்கும் தாங்கும்," என்றார்.

இதையும் கூட்டித்தான் சொல்கிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.