பெரியப்பா வரும்வரை ஒரு பாடம்

என் தங்கை அய்சிரெக் டீச்சராகப் போகிறாள் என்றபோது வீட்டில் சிரிக்காத ஆள் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் "என்ன வேணும்?" என்று கேட்கவே அவளுக்கு நாக்கு எழாது. இருந்தும் எங்கள் மலைநாட்டு நரின் நகரத்தில் உயிரியல் படித்து, கடைசி வருடத்தில் பயிற்சி ஆசிரியையாக எங்கள் ஊர்ப் பள்ளிக்கே வந்து சேர்ந்தாள். வந்த நேரம் கொரோனா, பள்ளிக்குப் பூட்டு. ஊரிலேயே நெட் கொஞ்சம் நன்றாகக் கிடைக்கிற இடம் என் மளிகைக் கடையின் பின்னறைதான். மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புக்கு ஃபோனில் பாடம் நடத்தினாள்.

பாடம் என்றா சொன்னேன்? திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஒருத்தியைத் தவிர ஒரு பிள்ளை முகம் காட்டாது, கேள்வி கேட்டால் வாய் திறக்காது.

"பேய்ங்களுக்குப் பாடம் எடுக்கிற முதல் டீச்சர் நீதான்டி," என்பேன்.

"பேயாவது சத்தம் போடும்க்கா. இதுங்க அதுகூட இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் பாடம் முடிந்ததும் மூட்டைமேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் பற்றிக்கொண்டு வரும்.

முகம் காட்டுகிற ஒரே பிள்ளை துமார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாஸ்கோவில் வேலை. அவள் தாய்மாமன் ஷெர்மத் வீட்டில் இருந்து படித்தாள். அவளுடைய அப்பா தலந்துக்கு நோய் தொற்றி, மூச்சு முட்டி, அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார். "தேறி வர்றாராம் டீச்சர்," என்று பாடம் தொடங்குமுன் தினமும் ஒருமுறை சொல்லிவிடுவாள்.

நவம்பரில் ஒருநாள் காலை, கடையைத் திறந்து பின்னறை அடுப்பில் கறிச்சாற்றை வைத்திருந்தேன். பக்கத்தில் அய்சிரெக் பாடத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஷெர்மத் உள்ளே வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"தலந்த் போயிட்டாரு," என்றார். "விடியக்காலம்."

எங்களில் சாவுச் செய்தியைப் போகிற போக்கில் யாரும் சொல்லிவிட மாட்டோம். தகப்பனை இழந்த பிள்ளைக்குத் தகப்பன் வழிப் பெரியவர் வந்து, ஊரார் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். அதைத் தனியாகக் கேட்க விட்டால் அந்தப் பாவம் ஊருக்கே.

"அவ பெரியப்பா அஸான் கணவாய்க்கு அந்தப் பக்கத்துல இருந்து வர்றாரு. வழியெல்லாம் பனி," என்றார் ஷெர்மத். "ஊர் பூரா ஃபோன்ல சேதி வந்தாச்சு. அவ கையில இருக்கிறதும் ஃபோன்தான். புடுங்கினா அப்பவே புரிஞ்சிடும். உன் பாடத்துல படம் ஓடுற வரைக்கும் அவ ஃபோனுக்கு வேற சேதி எதுவும் வந்து சேராது, நம்ம நெட்டு லட்சணம் அப்படி. அஸான் வர்ற வரைக்கும் நிறுத்தாதம்மா அய்சிரெக். காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

அவர் போனதும் தங்கை என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்குப் பாடம் நுரையீரல்க்கா. அந்தப் புள்ள முன்னாடி எப்படி நடத்துவேன்?"

"கிடக்குது நுரையீரல்! வேற எதையாவது நடத்தேன்டி!"

பானையிலிருந்து ஆட்டின் தோள்பட்டை எலும்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கடைக் கதவைச் சாத்திவிட்டு அவள் பின்னால் நின்றுகொண்டேன்.

"இன்னிக்கு எலும்பு," என்றாள் அய்சிரெக். "எல்லாரும் அடுப்படிக்குப் போயி ஆளுக்கொரு ஆட்டெலும்பு கொண்டு வாங்க."

கறுப்புக் கட்டங்கள் ஒன்றொன்றாகத் திறந்துகொண்டன. எல்லா வீட்டிலும் சேதி தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு பிள்ளை வாயிலிருந்து அது வரவில்லை. நான் எரிந்து விழுந்த அதே பிள்ளைகள்தான். மாதக்கணக்கில் முகம் காட்டாத சோம்பேறி எல்தார் ஓர் எலும்பைத் தூக்கிக் காட்டினான்.

"டீச்சர், விருந்துன்னா எனக்கு எப்பவும் இந்த முன்னங்கால் எலும்புதான் போடறாங்க. பெரியவங்களுக்குப் போடற இடுப்பெலும்பு எப்பத்தான் கெடைக்கும்?"

"தாடி நரைச்சதும் கெடைக்கும், போடா கழுத!" என்றாள் துமார்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள், கொஞ்சம் பிந்தி. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வெங்காயம் நறுக்குகிறார்கள் என்றாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அது காசு கட்டாத வீடியோ இணைப்பு, கொஞ்ச நேரம் ஓடிப் பாதியில் தானே அறுந்துவிடும். அறுந்தது. திரும்ப எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், துமாரைத் தவிர. அய்சிரெக் என் கையைப் பிடித்தாள்.

"சேதியைப் பார்த்துட்டாளோக்கா?"

துமார் முகம் தெரிந்தது. "சாரி டீச்சர், அத்தை டீ குடுத்தாங்க."

அதற்குப் பிறகு என் தங்கை பேசிய பேச்சை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. மூட்டு எப்படி மடங்குகிறது, மஜ்ஜையில் ரத்தம் எப்படி ஊறுகிறது, உடைந்த எலும்பு எப்படிக் கூடுகிறது என்று ஓயாமல் சொன்னாள். அவள் மூச்சு வாங்கினால் எல்தார் ஒரு கேள்வி கேட்டான். அவன் ஓய்ந்தால் இன்னொரு பிள்ளை கேட்டது. ஒருவரும் என் தங்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

மதியம் தாண்டி, துமாருக்குப் பின்னால் கதவு திறந்தது. கம்பளிக் கோட்டோடு அஸான் உள்ளே வந்தார். அடுத்து ஷெர்மத், அவர் பின்னால் இன்னும் சில ஆண்கள்.

துமார் திரும்பவில்லை. திரையிலேயே அவர்களைப் பார்த்தாள். கணவாய் தாண்டிப் பெரியப்பா இத்தனை பேரோடு வந்து நின்றால் எதற்கென்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன்.

"தெரியும்மா," என்றாள் அய்சிரெக்.

"எல்லாருக்குமா?"

எல்தார் தலையாட்டினான். அவன் முகமெல்லாம் கண்ணீர்.

அஸான் அவள் அருகில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கண்ணு, உங்கப்பன் நம்மள விட்டுட்டுப் போயிட்டான்டி," என்றார். பின்னால் நின்ற ஆண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஷெர்மத்தின் மனைவி ஓடிவந்து ஃபோனை அணைக்கக் கை நீட்டினாள்.

"அணைக்காதீங்க அத்தை," என்றாள் துமார். "அவங்களும் இருக்கட்டும்."

அதன் பிறகுதான் பெரியப்பாவின் மார்பில் விழுந்து அப்பாவைக் கூப்பிட்டு அலறினாள். அய்சிரெக் அழுதுகொண்டே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை அழுது ஓயும்வரை வகுப்பை விட்டு ஒருவரும் போகவில்லை.