கித்தான் ஸ்ட்ரெச்சரில் வந்த போலீஸ்காரர்

எங்கள் ஆஸ்பத்திரியில் விபத்துகளை எழுத இரண்டு புத்தகங்கள் இருந்தன. கறுப்பு அட்டை போட்டது சுரங்கத்துக்குக் கீழே அடிபட்டவர்களுக்கு. சிவப்பு அட்டை போட்டது மேலே அடிபட்டவர்களுக்கு. மிஷன் ஆஸ்பத்திரியில் காயம் கட்டவும் மருந்து கலக்கவும் மூன்று வருஷம் படித்துவிட்டு நான் கோலார் தங்கவயலுக்கு நர்ஸ் வேலைக்கு வந்த முதல் நாளே இரண்டும் என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. எனக்கு முன்னால் இருந்தவர் எந்தப் புத்தகம் கைக்கு எட்டியதோ அதில் எழுதியிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் சரியாக எழுதுவது சுலபமில்லை. தூக்கி வருகிறவர்கள் ஆளை வாசலில் இறக்கிவிட்டு ஓடிவிடுவார்கள். நின்றால் கூலி போகும். அடிபட்டவர் பதில் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார். ஒரு மாதம் கவனித்ததில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. கீழே அடிபட்டவரை, ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் நிற்க வைத்துத்தான் மேலே கொண்டுவர முடியும். அதற்காகத் தோல்வார் வைத்துத் தைத்த கித்தான் ஸ்ட்ரெச்சர் ஒன்று, கேஜ் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாயில் தொங்கும். மேலே அடிபட்டவர்களுக்கு மூங்கில் கட்டில். ஆகவே கித்தானில் வந்தவரைக் கறுப்புப் புத்தகத்திலும், மூங்கிலில் வந்தவரைச் சிவப்பிலும் எழுதத் தொடங்கினேன். யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வெள்ளைக்கார டாக்டர் துரை பக்கங்கள் சுத்தமாக இருப்பதாகச் சொன்னார். ஒன்றரை வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அப்போது ஒரு போலீஸ் கான்ஸ்டபிளைக் கொண்டுவந்தார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வரும் ஆட்கள் தங்கம் ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று சோதனை போடுவது அவர் வேலை. தலைப்பாகை, வாய், கோவணம், சாப்பாட்டுத் தூக்கு, இந்த வரிசையில் பார்ப்பார். அன்று ஒருவர் சோதனைக்கு நிற்காமல் மறுபடி ஷாஃப்ட் பக்கம் ஓடியிருக்கிறார். கான்ஸ்டபிள் துரத்திப் போனபோது, கேஜிலிருந்து வெளியே வந்த, தண்டவாளத்தில் ஓடும் கல் டிரக் ஒன்று அவருடைய வலது பாதத்தின் மேல் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் கைக்குக் கிடைத்ததில் போட்டுத் தூக்கி வந்தார்கள். கிடைத்தது கித்தான். நான் கறுப்புப் புத்தகத்தை எடுத்தேன்.

பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை. கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஏழு வாரம் நான்தான் தினமும் கட்டு மாற்றினேன். அந்த ஏழு வாரத்தில் எப்படி அடிபட்டது என்று அவர் எனக்குப் பலமுறை சொன்னார். ஷாஃப்டுக்கு எத்தனை அடி தள்ளி நின்றார் என்பதுகூட எனக்குத் தெரியும். இருந்தும் புத்தகத்தைத் திரும்பப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எழுதி முடித்த வரி எழுதி முடித்த வரிதான்.

கடமையில் உறுப்பு இழந்த போலீஸ்காரருக்குச் சர்க்கார் பென்ஷன் கொடுக்கும். அதற்கு ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும். குமாஸ்தா புத்தகத்தைப் பார்த்துச் சான்று எழுதினார், டாக்டர் கையெழுத்துப் போட்டார், காகிதம் போயிற்று. மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, சான்றின்படி காயம் சுரங்கத்துக்குக் கீழே ஏற்பட்டது. இரண்டு, போலீஸுக்குக் கீழே எந்த வேலையும் இல்லை. ஆகவே அது கடமையில் ஏற்பட்ட காயம் ஆகாது. மூன்று, அனுமதி இல்லாமல் கீழே இறங்கியதற்குக் கான்ஸ்டபிள் விளக்கம் எழுதித் தர வேண்டும். கூடவே, மாதக் கடைசிக்குள் போலீஸ் லைன் வீட்டைக் காலி செய்ய உத்தரவு.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அவருடைய மனைவி வந்தார். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குழந்தைகள். பின்னால் கட்டைக்காலோடு கான்ஸ்டபிள்.

"இன்னாம்மா இது? எங்க வூட்டுக்காரரு எப்பம்மா கீழ எறங்கனாரு? கெணத்துல கொடம் வுழுந்தா நான்தான் எறங்கி எடுக்கறேன். இவுரு மேல நின்னு கவுறு புடிப்பாரு."

கான்ஸ்டபிள் அதை மறுக்கவில்லை.

நான் கறுப்புப் புத்தகத்தைத் திறந்தேன். என் கையெழுத்தில், சுத்தமான பக்கத்தில், அவர் பெயருக்கு எதிரே 'கீழே' என்று இருந்தது. தவறு என்னுடையது என்று அவர்களிடம் சொன்னேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. சரிசெய்ய எத்தனை நாளாகும் என்று மட்டும் கேட்டார். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முதல் வேலையாகச் சாட்சி தேடினேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனுக்குப் போய், அன்று தூக்கி வந்த நான்கு பேரில் இருவரைக் கண்டுபிடித்தேன். உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். தூக்கியது தாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதிகாரி முன்னால் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"அது மட்டும் முடியாதும்மா," என்றார் மூத்தவர். "எங்க அடிபட்டுச்சின்னு மொதல்ல கேப்பாங்க. யாரு ஓடனான்னு அடுத்தாப்ல கேப்பாங்க."

"தெனம் என் கோமணத்த அவுத்துப் பாக்கற மனுசன்," என்றார் மற்றவர். "தூக்கினு வந்ததே பெருசு."

இரண்டுமே நியாயம் என்று எனக்குப் பட்டது. காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்து டாக்டர் துரையிடம் போனேன். கம்பெனி ஆபீசுக்குப் போய் வந்த புத்தகத்தைத் திருத்தும் வழக்கம் இல்லை என்றார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தன் கையெழுத்து இருப்பதைக் காட்டினார். ஒரு வரி தவறென்றால் மற்ற வரிகளைப் பற்றி என்ன சொல்வாய் என்று கேட்டார். கேள்வி சரியானது. புத்தகங்கள் கம்பெனி ஆபீசைத் தவிர வேறெங்கும் வெளியே போகக் கூடாது என்றும், நான் வெளியே என்ன சொன்னாலும் அது என் பொறுப்பு என்றும் சொல்லி அனுப்பினார்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். கறுப்புப் புத்தகத்தை நான் எழுதத் தொடங்கிய பக்கத்திலிருந்து, ஒவ்வொரு வரியாக, ஆள் யார், என்ன வேலை, எதனால் காயம் என்று படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. கான்ஸ்டபிளைத் தவிர, கீழே இறங்கியிருக்கவே முடியாத ஐந்து பேர் அதில் இருந்தார்கள். அவர்களைத் தனித் தாளில் எழுதிக்கொண்டேன். அந்த நேரங்களில் மூங்கில் கட்டில் எங்கே போயிருந்தது என்றும் விசாரித்தேன். காவல்காரர் அதில் தூங்கியிருக்கிறார்.

தாலுகா அதிகாரியான அமில்தார் அந்த வாரம் மனுக்களை விசாரிக்க ராபர்ட்சன்பேட்டையில் முகாம் போட்டிருந்தார்; கான்ஸ்டபிளும் அவரிடம் மனுக் கொடுத்தார். பேட்டையில் அப்போது தெருவுக்குக் கோடு போட்டிருந்தார்கள், வீடு இன்னும் வரவில்லை. கூடாரத்துக்கு வெளியே மனுக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். கான்ஸ்டபிளை முதலில் கூப்பிட்டார்கள். எங்கே நின்றாய், எந்தப் பக்கம் பார்த்து ஓடினாய் என்று கேட்டுவிட்டு, சாட்சி உண்டா என்றார் அமில்தார். கான்ஸ்டபிள் என்னைக் காட்டினார். நான் அங்கே இருந்தேனா என்று அமில்தார் கேட்டார். இல்லை, ஆனால் தவறாக எழுதியவள் நான்தான் என்று சொல்லி, தாளைக் கொடுத்தேன்.

அவர் கன்னடக்காரர். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார். தாளை ஒரு முறை பார்த்துவிட்டு வரி வரியாகக் கேட்டார்.

"குதிரைக்காரர். குதிரை உதைத்து இடுப்பில் காயம். கீழே குதிரை இருக்கா?"

"இல்லைங்க."

"பங்களா சமையல்காரர். சூப் கவிழ்ந்து கை வெந்தது. கீழே சூப் வைக்கிறாங்களா?"

"இல்லைங்க."

"தோட்டக்காரர். முருங்கை மரம் ஒடிந்து விழுந்தார்."

"கீழே மரம் இல்லைங்க. முட்டுக் கொடுத்த கட்டைதான் இருக்கு."

"வண்ணார். நாய் கடித்தது." இதற்கு அவர் கேள்வி கேட்கவில்லை. "கோயில் மணி அடிக்கிறவர். கயிறு அறுந்து விழுந்தார். கீழே மணி இருக்கா?"

"மணி இருக்குங்க. கேஜுக்கு அடிக்கிற மணி. கோயில் மணி இல்லைங்க."

தன் குமாஸ்தா எழுதி முடிக்கும் வரை அவர் காத்திருந்தார்.

"எல்லாம் நீங்க பார்த்து எழுதினதா?"

"ஸ்ட்ரெச்சரைப் பார்த்து எழுதினதுங்க. கித்தானில் வந்தவங்க எல்லாரையும் 'கீழே'ன்னு எழுதினேன். போலீஸ்காரரும் கித்தானில் வந்தார்."

"இதில் கையெழுத்துப் போட்டா உங்க வேலைக்கு நல்லதில்லையேம்மா."

தெரியும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தாளில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததால் தேதியும் எழுதினேன்.

ஒரு வாரத்தில் இரண்டு புத்தகங்களும் என் மேஜையை விட்டு ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவின் மேஜைக்குப் போயின. நான் கட்டுத்துணி வேகவைக்கும் அறைக்கு மாற்றப்பட்டேன். சம்பளம் குறையவில்லை, வெக்கைதான் கூடியது. வீட்டைக் காலி செய்யும் உத்தரவை முடிவு வரும்வரை நிறுத்தி வைத்தார்கள்.

முடிவு இரண்டு மாதத்தில் வந்தது. இரண்டு காகிதங்கள், ஒரே தபாலில். முதலாவது, காயம் மேலே, கடமையில் இருந்தபோது ஏற்பட்டது என்று அமில்தார் விசாரித்து அறிந்தபடியால், பென்ஷன் வழங்கப்படுகிறது. இரண்டாவது, அனுமதியின்றிக் கீழே இறங்கியதற்கு உரிய காலத்தில் விளக்கம் தராதபடியால், கான்ஸ்டபிள் கண்டிக்கப்படுகிறார். அது வேறு கோப்பு. அமில்தாரின் விசாரணை அந்தக் கோப்புக்குப் போய்ச் சேரவில்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் வேகவைக்கும் அறைக்கே வந்தார்கள். கான்ஸ்டபிளுக்குப் பென்ஷனில் சந்தோஷம்தான். ஆனால் கீழே இறங்கவே இல்லை என்று பதில் எழுத வேண்டும் என்றார். இத்தனை வருஷ வேலையில் தன்மேல் ஒரு கண்டனம் கிடையாதாம்.

"எய்தனா திரும்பவும் விசாரிப்பாங்க," என்றார் மனைவி. "விசாரிச்சி, குடுத்தத நிறுத்திட்டா? கம்முனு கையெய்த்து போடு."

"போவாத எடத்துக்குப் போனேன்னு எப்டிடி போடறது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது காகிதத்தை முழுவதும் படித்தேன். கீழே போனேன் என்று அவர் ஒப்புக்கொள்ளும் இடம் எதுவும் அதில் இல்லை. அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் கையெழுத்துக்கு இடம், அவ்வளவுதான். அதை அவருக்குக் காட்டினேன். அவர் அந்த ஒரு வார்த்தையை இரண்டு முறை படித்தார். பெற்றுக்கொண்டது உண்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கட்டைக்காலை ஊன்றி நின்று கையெழுத்துப் போட்டார்.

பென்ஷன் அந்த மாதமே வந்தது. கண்டனக் கடிதத்தின் கடைசி வரியில், இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று எழுதியிருந்தது. காலோடு வேலையும் ஏற்கெனவே போய்விட்டதால் அதைப் பற்றி நாங்கள் யாரும் கவலைப்படவில்லை.