மகாராணி காலி

கால்நடை மருத்துவக் கல்லூரியில் அந்த அம்மாளை முகத்துக்கு நேரே ‘மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘லாடம்’. குதிரை, மாட்டு வைத்தியம் சொல்லிக்கொடுப்பவர். வாயைத் திறந்தால் ஆணி அடித்த மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பட்டம். அது காதுக்கு எட்டியபோது, “பரவால்ல, ஏதோ ஒண்ணையாவது உருப்படியா கவனிச்சிருக்குங்க” என்றார்.

லாடத்துக்கு யாரையும் பிடிக்காது என்பது வீண் பழி. மாடு பிடிக்கும், குதிரை அதைவிடப் பிடிக்கும். மனிதர்களில்தான் தேறுகிறவர்கள் குறைவு. படிக்க வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு, ஏசி அறையில் உட்கார்ந்து பணக்கார வீட்டு நாய்க்குட்டிக்கு ஊசி போடத்தான் ஆசை. மாட்டுக்குப் பின்னால் நில் என்றால் மூக்கைப் பொத்தும். “வாசனை வேணும்னா பூக்கடை வைக்க வேண்டியதுதானே, இங்க எதுக்கு வந்தே?” என்பார். ஸ்கேன் மெஷினைக் கொண்டுவரட்டுமா என்று எவனாவது கேட்டுவிட்டால் தொலைந்தான். “கையிருக்கும்போது மெஷின் எதுக்குடா? உன் கை என்ன கரண்டியா?”

துறைத் தலைவர் வேறு யாருமில்லை, லாடத்தின் கொழுந்தனார்தான். வீட்டுக்காரரின் ஒரே தம்பி. காரியம் ஆகவேண்டும் என்றால் ‘அண்ணி’, மற்ற நேரத்தில் ‘மேடம்’. குதிரை வைத்தியத்தைப் பற்றிக் கனமான ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், குதிரையை மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்ப்பார். அவருடைய வெள்ளைக் கோட்டில் சாணி தெறித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஏட்டுச் சுரைக்காய்க்குக் கோட்டு மாட்டியது போல இருக்கிறது என்று லாடம் வீட்டில் சொல்வார். வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, தம்பியாயிற்றே என்று உடனே முகத்தை மாற்றிக்கொள்வார்.

அந்தத் தம்பி போட்ட சட்டம் ஒன்று உண்டு. மாட்டுக்குக் கை போட்டுப் பார்க்க முடிந்தவர்களுக்குத்தான் கொட்டகை வகுப்பு. முடியாதவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து டைம்டேபிள் போடவேண்டும். மாட்டின் ஆசனவாய் வழியாகத் தோள்வரை கையை விட்டு, குடலுக்கு அடியில் இருக்கிற கருப்பையைத் தடவிச் சினையா காலியா என்று சொல்வதைத்தான் அங்கே கை போடுவது என்பார்கள். சட்டம் வந்த நாளில் லாடம் கைதட்டி வரவேற்றார். அப்போது அவர் கை நன்றாக இருந்தது.

பிறகு வயிற்றுவலியோடு ஒரு குதிரை வந்தது. குடல் முறுக்கியிருக்கிறதா என்று லாடம் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலி தாங்காமல் அது பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. குதிரை பிழைத்தது, தோள் போனது. ஓய்வுக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊருக்கே சொன்னார். உண்மையில் வலது கை மார்புக்கு மேல் எழவில்லை, விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. உள்ளே தடவிப் பார்க்க இடது கைக்குப் பழக்கம் கிடையாது. இது தெரிந்த ஒரே ஆள் அவர் வீட்டுக்காரர். தினமும் காலையில் தலைவாரிப் பின்னி விடுகிறவர் அவர்தானே.

“தம்பிகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?” என்றார் ஒருநாள், பின்னலை முறுக்கிக்கொண்டே.

“உங்க தம்பிகிட்ட சொல்றதுக்கு மாட்டுகிட்ட சொல்லலாம். மாடாவது நான் சொல்றப்ப தலையாட்டும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை அன்றிலிருந்து ஆரம்பமானது. வகுப்பில் பிள்ளைகளைக் கை போடச் சொல்லிவிட்டு வாயாலேயே வழிகாட்டுவார். தேர்வுக்குக் கல்லூரிப் பண்ணையில் தனக்குப் பழக்கமான, விடை மாறாத மாடுகளையே நிறுத்துவார். அவற்றில் முக்கியமானவள் மகாராணி. கொழுத்த கிழட்டுப் பசு, பல வருடமாகச் சினை பிடிக்காதது. செயற்கைக் கருவூட்டல் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு கூட்டமும் அவள்மேல்தான் பழகும், ஒன்றும் நிற்காது. ‘மகாராணி காலி’ என்று சீனியர்கள் விடுதியில் ஜூனியர்களுக்கு ஓதிவிடுவார்கள். ஜூனியர்கள் தேர்வில் முகத்தைச் சுளித்துக் கையை விட்டு, யோசிப்பதுபோல் நடித்து, “காலி மேடம்” என்பார்கள். லாடம் மார்க் போடுவார். பார்த்துச் சொல்லாமல் ஒப்பிக்கிற ஜென்மங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே போடுவார். தானும் பார்க்காமல்தான் போடுகிறோம் என்பது மட்டும் உறைக்கவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த வருடத் தேர்வில் கடைசியாக வந்தவள் தூங்குமூஞ்சி. பட்டமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வகுப்பில் தூங்குவாள், நின்றபடியும் தூங்குவாள். இரண்டு முறை தேறாதவள். மூன்றாவது முறையும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். லாடத்துக்கு அவளைக் கண்டாலே எரியும். கொழுந்தனார் இரண்டாவது தேர்வாளராக, சாணி எட்டாத தூரத்தில் நின்றிருந்தார்.

தூங்குமூஞ்சி கையை விட்டாள். விட்டவள் எடுக்கவே இல்லை.

“உள்ளேயே தூங்கிட்டியா?”

“இல்ல மேடம்... கன்னு கைக்குத் தட்டல. ஆனா ஒரு ரத்தக்குழாய் பெருசா இருக்கு. விரலை வெச்சா கிர்ர்ருனு ஓடுது. சினைதான் மேடம்.”

பின்னால் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சீனியர்கள் ஓதிய இரவில் இவள் தூங்கியிருக்கிறாள், வேறென்ன?

“மகாராணிக்குச் சினையா? உனக்குத்தான் மூளை காலி” என்று ஆரம்பித்த லாடம் பாதியில் நின்றுவிட்டார். அந்தக் கிர்ர் கேட்டு ஒப்பிக்கிற சமாச்சாரம் இல்லை. சினை மாட்டின் கருப்பை நாளத்தில் விரல் வைத்தவர்களுக்குத்தான் அது அப்படிச் சொல்ல வரும்.

“நீங்க பாருங்க, சார்” என்றார்.

கொழுந்தனாருக்கு முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் நீளக் கையுறையை மாட்டி, கோட்டை ஒதுக்கி, முழங்கைவரை விட்டு உடனே எடுத்தார். “காலிதான். ஊருக்கே தெரியுமே.”

முழங்கைவரை விட்டால் சாணிதான் கிடைக்கும். லாடம் பசுவின் வலப்பக்கம் போனார். இடது முஷ்டியை விலாவுக்குக் கீழே வயிற்றில் வைத்து, அழுத்தித் தள்ளிவிட்டு அப்படியே பிடித்திருந்தார். உள்ளே கனமாக ஏதோ விலகிப் போனது. போனது திரும்பி வந்து முஷ்டியில் இடித்தது.

அவருக்குப் பயமாக இருந்தது. பேசாமல் இருந்தால் தன் கொட்டகை தனக்கு. அந்தப் பெண் பெட்டியைக் கட்டிவிடுவாள். கன்று பிறக்கும்போது எவன் கேட்கப்போகிறான்?

“இருக்கு” என்றார். “மெஷினைக் கொண்டு வாங்க.”

கொழுந்தனார் புன்னகைத்தார். “கையிருக்கும்போது மெஷின் எதுக்கு, மேடம்? நீங்க சொல்றதுதானே? போட்டுப் பாத்துச் சொல்லுங்க.” புதிய கையுறை ஒன்றை எடுத்து நீட்டினார். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாடம் கையுறையை வாங்கவில்லை.

“எனக்குக் கையில்ல. குதிரை உக்காந்த அன்னிக்கே போச்சு. ரெண்டு வருஷமா நான் எந்த மாட்டையும் பாக்கல. நீங்க எல்லாரும் ஒப்பிச்சீங்க, நானும் ஒப்பிச்சு மார்க் போட்டேன். இவ ஒருத்திதான் பாத்திருக்கா. போய் மெஷினைக் கொண்டு வாங்கடா!”

மெஷின் வந்தது. திரையில் கன்றின் விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. கருவூட்டல் வகுப்பில் எவன் கைவரிசையோ பலித்திருக்கிறது. அந்த மார்க்கை யாருக்குப் போடுவது என்றுதான் தெரியவில்லை. பல மாதமாக வகுப்பே மகாராணிக்குள் கையை விட்டு, காலி, காலி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. தூங்குமூஞ்சி தேறினாள். நன்றி சொல்ல வந்தவளை, “முதல்ல போய் முகத்தைக் கழுவு” என்று லாடம் விரட்டினார்.

மறுநாளே ஆபீஸ் மேசை. ஃபேன், ஃபைல், ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தம். மாலையில் வீட்டுக்கு வந்து, சேலையில் கொட்டகை வாடையே இல்லை என்று சொல்லி அழுதார். வீட்டுக்காரர் பின்னலை அவிழ்த்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாடையைக் குறை சொன்னவர், அன்று வாயைத் திறக்கவில்லை.

அழுது முடித்த கையோடு லாடம் டைம்டேபிளை எடுத்தார்.

அது அறிவிப்புப் பலகையில் ஏறிய காலையில் கொழுந்தனார் ஓடி வந்தார். “அண்ணி, மாட்டுக் கொட்டகை, கை போடும் வகுப்பு, வாரம் பூராவும் முதல் பீரியட்... எல்லாத்துலயும் என் பேர் விழுந்திருக்கு. ஏதோ தப்பு நடந்திருக்கு.”

“ஒரு தப்பும் இல்ல. கை போட முடிஞ்சவங்களுக்குத்தான் கொட்டகைனு சட்டம் போட்டது நீங்க. அன்னிக்குக் கை போட்டீங்களே, பிள்ளைங்க எல்லாரும் பாத்தாங்களே. முடியாதுன்னா சொல்லுங்க, பக்கத்துலயே இன்னொரு மேசை போடச் சொல்றேன்.”

வெளியே மணி அடித்தது.

“கோட்டைக் கழட்டி வெச்சிட்டுப் போங்க, தம்பி” என்றார் லாடம். “தோள்வரைக்கும் விடணும். வெள்ளையில கறை போகாது.”