மூன்றாவதை யாரிடமும் சொல்லவில்லை

1. முதல் முறை கர்ப்பமானபோது ஊருக்கே சொன்னோம். அடுத்த ஸ்கேனில் துடிப்பு இல்லை. கிள்ளானில் இருக்கும் என் மாமியார், இனிப்புக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போன் செய்து சொல்ல வேண்டியிருந்தது.
2. இரண்டாம் முறை மாமியாருக்கு மட்டும் சொன்னோம். அவரைப் பார்க்கப் போன ரயிலிலேயே உதிரப்போக்கு தொடங்கியது.
3. மூன்றாம் முறை யாருக்கும் சொல்லவில்லை. அதுவும் தங்கவில்லை.
4. எனக்கும் கணவருக்கும் எடுத்த பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன.

நான்காவதாக எழுதியிருப்பதுதான் என்னை உட்காரவிடவில்லை. மென்பொருள் சோதிப்பது என் வேலை. ஒரு கோளாறு ஏன் வந்தது என்று தெரியாமல், அது தீர்ந்தது என்று எழுதமாட்டேன். டாக்டரோ, "காரணம் தெரியல. மறுபடி முயற்சி பண்ணலாம், விட்டுடவும் செய்யலாம். நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார்.

கணவர் போதும் என்றார். "இன்னொரு தடவ உன்ன ஆஸ்பத்திரியில உள்ள விட்டுட்டு வெளிய நிக்க என்னால முடியாது லா."

எனக்கு வேண்டும் போலவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டில் காய்ந்த துணியை மடித்து, கலைத்து, மறுபடி மடித்தேன். பால் இருக்கும்போதே பால் வாங்கக் கீழே இறங்கினேன்.

அப்படி இருந்தபோது கிள்ளானில் நாத்தனாருக்கு வளைகாப்பு வந்தது. கர்ப்பிணி எழுந்ததும், அதே இடத்தில் பிள்ளைக்காகக் காத்திருப்பவளை உட்காரவைத்து மிச்ச வளையலைப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். மாமியாரின் அக்கா என் கையைப் பிடித்தார்.

"வாமா, எடம் சூடு ஆறுறதுக்குள்ள உக்காரு. என் மருமக இப்படித்தான் உக்காந்தா, வந்தது ரெட்டை. இப்ப ரெண்டும் வீட்டையே தலகீழா ஆக்குதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வலது கையில் வளையல் ஏறியது. இடது கையைக் கேட்டபோது என்னால் நீட்ட முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பின்னாலேயே மாமியார் வந்தார். "வளையல் இறுக்கமா இருக்கா?"

"இல்ல அத்தை. போன மாசம் இன்னொன்னும் போயிடுச்சு."

நான் திறந்துவிட்டிருந்த குழாயை அவர் மூடினார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மறுபடி எல்லாருக்கும் போன் பண்ணுவீங்கன்னு."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "பத்தியம் யாரு பாத்தா?" என்றார்.

"யாரும் இல்ல. ரெண்டு நாள்ல ஆபீஸ் போயிட்டேன்."

"ஆபீஸா? பெத்தவளுக்கு மட்டுந்தான் உடம்பு நோகும்னு நெனச்சியா?"

கூடத்திலிருந்து மாமியாரின் அக்கா கூப்பிட்டார். "இன்னொரு கை பாக்கி இருக்கு, எங்க போனா?"

"அவளுக்கு இங்க வேல இருக்குக்கா. நீங்க எல போடச் சொல்லுங்க" என்று மாமியார் குரல் கொடுத்தார். பிறகு பூண்டுக் கூடையை என் பக்கம் தள்ளினார். இருவரும் உரித்தோம்.

"மறுபடி பாக்கப் போறீங்களா?"

"அவரு வேணாங்கிறாரு. எனக்குத் தெரியல அத்தை."

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரு புள்ள பொறக்கணும்னு எனக்கு ஆசதான். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்."

ஆறுதலாக எதுவும் சொல்லாதது நல்லதாகப் போயிற்று. அவர் பொய் சொல்லாதபோது நானும் தெரியாது என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. திரும்பும் வழியில் காரிலேயே கணவரிடம் சொன்னேன்: "எனக்கு இன்னொரு தடவ பாக்கணும். ஆனா இப்ப இல்ல."

"அப்பவும் நான் வேணாம்னு சொன்னா?"

"அப்ப சண்டை போடுவோம்."

சிரித்தார்.

இப்போது நிலைமை இதுதான். மாமியார் பூண்டுக் குழம்பு கொடுத்தனுப்புகிறார், நான் சாப்பிடுகிறேன். டாக்டரிடம் அடுத்த சந்திப்பைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். எனக்கு வேண்டும், அவருக்கு வேண்டாம். இப்போதைக்கு முயலவில்லை. நிறுத்திவிட்டோம் என்றும் முடிவு செய்யவில்லை.