பயணம் சொல்லப் போன கடைசி வீடு

என் மச்சான் அபுல் ஹஸன் இருக்கிற வீட்டில் எந்தப் பானைக்கும் மூடி போட முடியாது. சோறு கொதித்து மூடி தடதடத்தால் போதும், மனிதர் எங்கே இருந்தாலும் எழுந்து ஓடுவார். வெறுங்கையால் மூடியைப் பிடுங்கி எறிவார். அவர் மனைவி கமீலா, என் கூடப்பிறந்த ராத்தா, பதினொரு வருடமாகத் திறந்த பானையில்தான் ஆக்குகிறாள். "சோறாக்கின நேரத்த விட இந்த மனிசன்ட கைக்கு மருந்து பூசின நேரம்தான் கூட" என்று புலம்புவாள். ஜின் பிடித்திருக்கிறது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். ஒரு லெப்பை வந்து தண்ணீர் ஓதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஜின்னாவது மண்ணாவது! ஆனால் அவரைப் பிடித்தது எதுவென்று எனக்கும் இந்த வருடம் ஹஜ் பயணக் காலம் வரை தெரியாது.

மச்சான் சவளக்கடைப் பாதையில் இருக்கும் ஹாஜியாரின் அரிசி மில்லில் முப்பது வருடம் பொய்லர் பார்த்தவர். நெல் அவிக்கிற நீராவி முழுக்க அவர் கையில். கூட வேலை செய்தவன் நற்பிட்டிமுனைத் தங்கராசா. பொய்லரை ஆளில்லாமல் விட முடியாது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் தங்கராசா வந்து நிற்பான். "நீங்க போங்க காக்கா, நான் பாத்துக்கிறன்" என்பான். அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம், அவனும் அப்படியே கூப்பிட்டான். கோயில் திருவிழா வந்தால் அவனுடைய முறைக்கும் சேர்த்து மச்சான் நிற்பார். நோன்பு மாதத்தில் மச்சானுக்கு முன்னால் அவன் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்ததில்லை.

பதினொரு வருடத்துக்கு முன், ஓர் அறுவடைக் காலத்தில், மச்சான் பின்னேரத்து அஸர் தொழப் போயிருந்த நேரம் பொய்லர் வெடித்தது. தங்கராசா அந்த இடத்திலேயே முடிந்தான். நீர்மட்டத்தை அவன் கவனிக்கவில்லை என்று விசாரணையில் முடிவானது. அதற்குச் சாட்சி சொன்னவர் மச்சான். மூன்றே மாதத்தில் மில் நிர்வாகம் அவன் மனைவி தங்கரத்தினத்துக்கு ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தது. வாசலுக்கு நேரே ஒரு பளிங்குக் கல்லும் பதித்தார்கள். "கவனயீனத்தால் நேர்ந்த விபத்தில் உயிர்நீத்த எமது ஊழியர் தங்கராசாவின் குடும்பத்துக்கு அன்பளிப்பு." செத்தவனின் குற்றத்தை அவன் வீட்டுச் சுவரிலேயே பொறித்து, அதற்குப் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்ட தர்மத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஹாஜியார் மௌத்தான பிறகு மகன் அக்ரம் பொறுப்பெடுத்தார். கொழும்பில் படித்தவர். சமூகப் பொறுப்புத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார். வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, ஒரு கிராமத்துக்குத் தண்ணீர்த் தாங்கி, நீண்ட காலம் உழைத்த ஊழியர் ஒருவருக்கு ஹஜ் பயணம். இந்த வருடம் மச்சானின் பெயர் வந்தது. மில் வாசலில் திட்டத்தின் பெயரும் அவருடைய படமும் போட்டுப் பதாகை கட்டினார்கள். வேறொருவன் என்றால் துள்ளிக் குதித்திருப்பான். இவர் படுக்கையில் விழுந்தார். ராத்தாதான் திட்டித் தீர்த்து எழுப்பினாள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் பயணம் சொல்ல வேண்டும். உறவு, அயல், கூட உழைத்தவர் என்று வீடு வீடாக ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்க வேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். அது கிடைக்காமல் போனால் போய் என்ன பலன்? என் ஓட்டோவில் இரண்டு நாளில் நாற்பத்திரண்டு வீடு சுற்றினோம். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சுக்கங்க" என்பார் மச்சான். "மன்னிச்சிட்டம், எங்களுக்கும் துஆச் செய்யுங்க" என்பார்கள். ஸலாத்துக்குப் பதில் ஸலாம் சொல்வது போல அதுவும் வாயில் தயாராக இருக்கும். நாங்களும் விசுக்கோத்தைத் தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம்.

தங்கரத்தினத்தின் ஒழுங்கையை மட்டும் மூன்று முறை தாண்டிப் போகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன மச்சான், உங்களுக்காகப் பொய்லர் பாத்தவன்ட வீடு. அத விட்டுட்டா மக்காவுக்குப் போப்போறீங்க?" என்று கத்தினேன். பதிலுக்கு நிற்காமல் நான் ஓட்டோவைத் திருப்பினேன்.

தங்கரத்தினம் முற்றத்தில் செத்தல் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் நின்றபடியே அந்த வழக்கமான வார்த்தைகளைச் சொன்னார். எங்கள் ஆட்கள் போல உடனே பதில் சொல்ல அவளுக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னத்துக்குக் காக்கா மன்னிக்கிற?" என்று கேட்டாள். "என்ன செஞ்சீங்க எண்டு சொன்னாத்தானே மன்னிக்கலாம்?"

நாற்பத்திரண்டு வீட்டில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது. மச்சான் அப்படியே மிளகாய்ப் பாயின் ஓரத்தில் குந்திவிட்டார்.

"ஆவி கூடினா வெளிய விடுறதுக்கு ஒரு வால்வு இருக்கு தங்கச்சி. அது ஒழுகிச்சு. புதுசு வாற வரைக்கும் ரெண்டு நாளைக்குக் கட்டி வையுங்க எண்டார் ஹாஜியார். அறுவட நேரம், மில்ல நிப்பாட்ட ஏலாது எண்டார். கம்பி போட்டு முறுக்கினது இந்தக் கைதான். தங்கராசாக்குச் சொல்லல்ல. சொன்னா நிக்க மாட்டான் எண்டு பயம். பாங்கு சொல்லிச்சு. நீங்க போங்க காக்கா எண்டான். நான் போனன்." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "பொலிஸ் வர முந்திக் கம்பியக் கழட்டினதும் நான்தான். அவன் கவனிக்கல்ல எண்டு கையெழுத்து வெச்சதும் நான்தான்."

யா அல்லாஹ், இந்த மனிதரோடா இத்தனை வருடம் ஒரே ஸஹன் தட்டில் சோறு தின்றேன்!

அவள் மகள் கேசினி கதவடியில் வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "அப்பா குடிச்சிட்டு நிண்டவர் எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லுவாங்க. நானும் நம்பினன்" என்றாள்.

தங்கரத்தினம் அழவில்லை. "நானும் அந்த மனிசனத்தான் ஏசினன்" என்றாள். "படத்துக்கு விளக்கு வெக்கக்குள்ள எல்லாம் ஏசினன். கொஞ்சம் கவனமா நிண்டிருக்கலாமே எண்டு. பதினொரு வருஷம்."

"மன்னிச்சுக்க தங்கச்சி."

"எனக்கு மட்டும் சொன்னாக் காணுமா? இந்தக் கல்லில இருக்கிறது ஊருக்கெல்லாம் தெரியும். ஊருக்குச் சொல்லிட்டு வந்து கேளுங்க."

மறுநாள் காலை மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு முதலில் அக்ரமிடம் போனார். அக்ரம் கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் கதைத்தார். "அது வாப்பாட காலம். இப்பக் கிளறி என்ன பிரயோசனம்? கஃபாவுக்கு முன்னால நிண்டு அழுங்க, அல்லாஹ் மன்னிப்பான்."

"அவள் மன்னிக்காம நான் அங்க போய் நிக்க ஏலாது தம்பி" என்றார் மச்சான்.

அஸருக்குள் பதாகை இறங்கிவிட்டது. பயணம் வேறொருவருக்குப் போனது. பொறுப்பு என்ற சொல்லை ஆளுயரத்துக்கு அச்சடித்தவர்கள், அதைச் சுமந்துகொண்டு ஒரு மனிதன் உள்ளே வந்ததும் அவனைத் தாங்கவில்லை.

மச்சான் பொலிசில் போய் எழுதிக் கொடுத்தார். விசாரணைக்குக் கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு அதே நாற்பத்திரண்டு வீட்டுக்கும் மறுபடி போனோம். ஓட்டோ ஓட்ட மாட்டேன் என்று சொல்லத்தான் எனக்கு மனம் வந்தது. ஆனால் அவர் நடந்தே புறப்பட்டார், மானம் கெட்டவன் நானும் பின்னால் போய் ஏற்றிக்கொண்டேன். இந்த முறை விசுக்கோத்து இல்லை. ஒவ்வொரு வாசலிலும் கம்பி முறுக்கிய கதையைச் சொன்னார். பதினொரு வீட்டில் கொடுத்த மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மில்லில் கூட வேலை செய்த பஹ்மி, மச்சானின் காலடியில் துப்பினான். சில வீட்டில் ராத்தாவையும் சேர்த்து ஏசினார்கள். எந்த வீட்டையும் அவர் தாண்டிப் போகச் சொல்லவில்லை.

முடித்துக்கொண்டு தங்கரத்தினம் வீட்டுக்குப் போனபோது அறபா நாள். ஹாஜிகள் அங்கே மைதானத்தில் நிற்கிற நாள், ஊரில் எங்களுக்கு நோன்பு. பளிங்குக் கல்லில் 'கவனயீனத்தால்' என்ற முதல் சொல் மட்டும் சுரண்டப்பட்டிருந்தது. கேசினியாகத்தான் இருக்கும், நான் கேட்கவில்லை.

தங்கரத்தினம் கதிரை எடுத்துப் போட்டாள். "உங்களுக்கு நோன்பெண்டு தெரியும். அதுதான் தேத்தண்ணி ஊத்தல்ல" என்றாள்.

"எல்லா வீட்டயும் சொல்லிட்டன் தங்கச்சி."

"ஓம், கேள்விப்பட்டன். இப்பக் கேளுங்க."

மச்சான் வாயைத் திறந்தார். நாற்பத்திரண்டு வீட்டில் இரண்டு சுற்றும் சொன்ன சொல், இங்கே வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் குசினியில் சோற்றுப் பானை கொதித்து மூடி தடதடத்தது. மச்சான் கதிரையை விட்டுப் பாதி எழுந்துவிட்டார், கை முன்னால் நீண்டுவிட்டது.

தங்கரத்தினம் அந்தக் கையைப் பார்த்தாள். அதிலிருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்தாள்.

"நீங்க இருங்க காக்கா, நான் பாத்துக்கிறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மச்சான் கதிரையில் விழுந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்.