சப்பாத்தில்லாத வீரன்

எண்பதுகளில் எங்கள் ஞாயிறு மதியங்கள் ஈப்போ புந்தோங்கில் இருந்த எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் கழிந்தன. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் நடந்து, இக்கட்டு வந்தால் பகடை உருட்டும் ஆட்டம். கதை சொல்வது நான். ஆடுவது என் அத்தை மகனும், சிலிபினில் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்த என் பள்ளித் தோழனும்.

ஆட்டத்துக்கு அவ்வப்போது துணைப்புத்தகங்கள் வரும். புதுக் காடு, புதுக் கோட்டை, புதுப் பூதங்கள். ஆரம்பத்தில் வந்தவை மட்டமான தாளில், யாரோ அவசரத்தில் கிறுக்கிய படங்களோடு இருக்கும். “இந்தக் குகைக்குள் என்ன இருக்கிறது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். வேலையை நம் தலையில் கட்டிவிட்டார்களே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

தோழனிடம் ஒரு வழக்கம் உண்டு. அவனுடைய வீரன் எந்தக் குகைக்குப் போனாலும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிடுவான். ஈப்போ சுண்ணாம்பு மலைக் குகைகளில் எத்தனையோ கோயில்கள். சின்ன வயதிலிருந்து கும்பிட்டுப் பழகியவனுக்குச் சப்பாத்தோடு நுழைய மனசு வராது. “பூதம் இருக்கிற குகைடா” என்பேன். “உள்ள சாமி இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும் லா?” என்பான். ஒருமுறை அவனுக்காகவே பூதத்தை மரியாதை தெரிந்ததாக்கி, எழுந்து வழிவிட வைத்தேன். அப்படியே மூன்று வருஷம் அந்த வீரன் வெறுங்காலோடு பிழைத்துக் கிடந்தான். அவன்மேல் தோழனுக்கு உயிர்.

பிறகு கெட்டி அட்டையும் வழவழப்பான தாளும் வண்ணப்படமுமாகப் புத்தகங்கள் வர ஆரம்பித்தன. எந்தக் கதவு எத்தனை அடி, எந்தப் பூதம் எப்போது தூங்கும், எல்லாமே அச்சில் இருந்தது. தரம் என்றால் இதுதான் என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். முட்டாள்தனம்.

ஒரு ஞாயிறு, புதுப் புத்தகம். குகை வாசலில் வழக்கம்போலச் சப்பாத்தைக் கழற்றினான். உள்ளே தரையெல்லாம் நச்சு முள். வெறுங்காலோடு மிதிப்பவன் அந்த இடத்திலேயே சாவான், பகடைக்கே வேலையில்லை என்று போட்டிருந்தது. அப்படியே வாசித்தேன்.

“விட்டுடு லா, மச்சான்” என்றான் அத்தை மகன்.

“புக்குல அப்படித்தான் இருக்கு” என்றேன்.

தோழன் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

வெட்கத்தை விட்டுப் பட்டறைக்குப் போனேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன், உன் வீரன் சாகவில்லை என்றேன். அவன் கைக்கரியைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

“அவன் செத்ததுக்கு இல்ல மச்சான். இத்தன நாளா எங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் கத சொன்ன. அன்னிக்கு நீ தலையே நிமிரல.”