ஐந்தரைக் கோல்

சென்ற மாசியிலிருந்து சித்திரை வரை அவன் போட்ட பந்துகள் அடி வாங்கியபோதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுதாமலே இருந்துவிடுவேன்.

அவன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். வலங்கைமான் பக்கம் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறான். நாற்பத்தைந்து வயதிலும் தன் பாதி வயதுப் பையன்களோடு டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடுகிறான். இடது கை. எட்டு எட்டு நடந்து வருவான், ஓட்டம் கூடக் கிடையாது. கை மேலே போவது தெரியும். பந்து, மட்டையின் அடிக்கும் ஆடுகிறவனின் கட்டைவிரலுக்கும் நடுவே உள்ள அந்தக் கொஞ்ச இடத்தில் போய் விழும். ஸ்டம்ப் சாயும். யார்க்கர் என்றால் எங்கள் பக்கத்தில் அவன்தான்.

நானும் அந்த அணியில் மட்டை பிடித்தவன். முப்பது வயதில் முட்டி போய்விட்டது. இப்போது எனக்கு இரண்டு வேலை. ஆட்டத்துக்கு அம்பயர், ஆட்டத்துக்கு வயல். தையில் சம்பா அறுத்ததும் ஊரெல்லாம் உளுந்து பச்சை கட்டும்போது, என் மேட்டு வயல் மட்டும் தாள் தெரிய வெறுமனே கிடக்கும். நடுவில் தாளைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, சிமெண்ட் குழாயை உருட்டி உருட்டிக் களம் போடுவோம். வயலைக் கொடுக்கிறவனை அணியை விட்டு எப்படி அனுப்புவது? அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

மற்றபடி எழுதுகிறவன். இரண்டு புத்தகங்கள். மழைக்கு முந்தைய காற்றைப் பற்றி, வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாய்த் தவழ்ந்து வருவதைப் பற்றி, பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஊரில் ஒருவரும் ஒரு வரி சொல்லிக் கேட்டதில்லை. அவன் எப்போதோ போட்ட ஒரு பந்தை டீக்கடையில் இன்றைக்கும் கையால் போட்டுக் காட்டுகிறார்கள். கண்ணாடி கிளாஸை ஸ்டம்பாக வைத்து, சர்க்கரை டப்பாவை மட்டையாக வைத்து. நானும் தலையாட்டியபடி டீ குடித்திருக்கிறேன். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், அப்படிப் போய் விழாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

களத்தை அளப்பது நான். எங்கள் பக்கத்தில் நிலத்தைப் பன்னிரண்டு அடி மூங்கில் கோலால் அளப்பார்கள். ஸ்டம்புக்கு ஸ்டம்பு ஐந்தரைக் கோல். ஒரு முனையில் வைத்து, படுக்கப் போட்டு, மண்ணில் கீறி, அங்கிருந்து மறுபடி. பழைய கோல் கரையான் அரித்துவிட்டதால் இந்த வருஷம் புதுசு வெட்டினேன். பன்னிரண்டு அடியில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டேன். முனை பிளந்துவிடக் கூடாதென்று கோட்டுக்கு அப்பால் நாலு விரல் விட்டு, பிறகு அறுத்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். அறுக்கவில்லை.

மாசி முதல் ஆட்டத்திலேயே அவன் பந்து மட்டைக்கு முன்னால் விழுந்து, வாகாக எழும்பி, அடி வாங்கியது. வாய்க்காலுக்கு அப்பால் போய் விழுந்தது. இன்னும் தள்ளிப் போட முயன்றால் கை தடுமாறி இடுப்புக்கு நேராகப் போயிற்று. அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்ததும். மற்றப் பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக எறிகிறவர்கள். பந்து எங்கே விழுந்தாலும் அவர்களுக்குச் சரிதான்.

"ஊரு மோட்டாரையெல்லாம் ரெடி பண்றாரு, சொந்த மோட்டாரு பொகையுதே" என்றது டீக்கடை.

"விடுய்யா, அவரும் எத்தனை வருஷந்தான் ஓட்டுவாரு."

நான் இரண்டாவது டீ சொன்னேன்.

ஒரு நாள் அவன் மோட்டார் கடைக்குப் போனபோது புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். கும்பகோணத்தில் வாங்கியதாம்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்கண்ணே" என்றாள் அவன் மனைவி. "இவருதான் நம்ப மாட்டேன்னு அடம் பிடிச்சு வாங்கிட்டு வந்துருக்காரு."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நீ பக்கத்துலயே நிக்கிறல்ல மாப்ள. என் காலு எங்க விழுது, கை எங்க சுத்துதுன்னு பாத்து சொல்லேன். எனக்கு ஒண்ணும் புரியல."

"எல்லாம் முன்ன மாதிரிதான்டா இருக்கு" என்றேன். அன்றைக்கு அது பொய்யில்லை.

பங்குனியில் வேன் பிடித்துப் பூதலூருக்கு ஆடப் போனோம். ஆறு பந்தில் மூன்று ஸ்டம்ப். கண்ணாடி கூடப் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பும்போது வேனே குலுங்கியது. "வந்துட்டான்யா வந்துட்டான்" என்று கூச்சல். மறு ஞாயிறு என் வயலில் மறுபடி அதே அடி.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு ஒரு சந்தேகத்தில் கோலை எடுத்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு. கோட்டுக்கு அப்பால் நாலு விரல். பழைய கோலின் பழக்கத்தில் முனைக்கு முனை வைத்து அளந்திருக்கிறேன். ஐந்து கோலுக்கு இருபது விரல், அரைக் கோலுக்கு இரண்டு. ஒரு முழத்துக்கு இரண்டு விரல்தான் குறைவு. களம் அத்தனை கூடுதல் நீளம். அவன் கை முப்பது வருஷமாக விழுந்த இடத்தில்தான் இப்போதும் விழுந்துகொண்டிருந்தது. மட்டைதான் ஒரு முழம் பின்னால் போய் நின்றிருந்தது.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வரப்பில் உட்கார்ந்தேன். கொக்குகள் உளுந்துக்குள் இறங்கின, எழுந்தன. சொல்லலாம், நாளைக்கு. சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டைவரை வந்தது. அவனைக் கீழே இறக்கிய பந்தை நான்தான் போட்டிருக்கிறேன், கையே தூக்காமல். கோலை மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகினேன்.

சித்திரைக் கடைசியில் எங்கள் அணிக்குக் கேப்டனாக இருக்கும் பையன் வந்தான். "அண்ணே, டோர்னமென்ட் ஃபைனலுக்கு அவர உக்கார வெக்கலாமான்னு பசங்க கேக்குறாங்க. எனக்குச் சொல்ல வாய் வரல. நீங்க என்ன சொல்றீங்க?"

"வயசாயிடுச்சுல்ல தம்பி" என்றேன். "உக்காரட்டும்."

ஃபைனலில் தண்ணீர்க் கேன் பக்கத்தில் உட்கார்ந்து பையன்களுக்குக் கை தட்டினான். முடிந்ததும் என்னிடம் வந்தான். "மோட்டாரு எரிஞ்சா ஏன் எரிஞ்சுதுன்னு பிரிச்சுப் பாத்தா தெரியும். இது தெரியலடா. இத்தோட விட்டுர்றேன்." சொல்லும்போது கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தான். நான் அவன் தோளைத் தட்டினேன். தட்டிய கை என்னுடையதுதான்.

ஆனால் விடவில்லை. வைகாசி முழுக்கக் காலையில் கடை திறக்குமுன் என் வயலுக்குத் தனியாக வந்தான். ஒரு ஸ்டம்ப். மட்டையாளன் நிற்கும் இடத்தில் தன் இடது காலின் ரப்பர் செருப்பு. எட்டு நடை, கை, பந்து. செருப்புக்கு முன்னால் விழும். போய் எடுத்துவருவான், மறுபடி. நான் போர்செட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இருபதாவது நாளோ என்னவோ, செருப்பு துள்ளியது. அடுத்ததும். பிறகு ஐந்து பந்துக்கு நாலு. அந்தத் தப்பான நீளத்தையும் அவன் கை கற்றுக்கொண்டுவிட்டது. நான் அவனுக்கு வைத்த குழியிலேயே படி கட்டி ஏறிவிட்டான். ஒரே கவிதையைப் பதினோரு வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன், இன்னும் செருப்பு துள்ளவில்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. தையில் கோலின் நாலு விரலை அறுத்துவிட்டுச் சரியாக அளந்தால்? யாருக்கும் தெரியாது. நான் செய்யவேண்டியதைச் செய்ததாகவே இருக்கும். புதுசாகப் பழகிய கை ஒரு முழம் தள்ளிப்போடும். பந்து தரையில் படாமலே மட்டைக்குப் போகும். இன்னொரு வருஷம் அடி வாங்குவான். அதோடு நிஜமாகவே முடிந்துபோவான். இவ்வளவு துல்லியமான ஒன்றை நான் எந்தப் பக்கத்திலும் யோசித்ததில்லை. பயமாக இருந்தது.

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். மறுநாள் குறுவை உழவுக்கு டிராக்டர் வருவதாகச் சொல்லியிருந்தது. உழுதுவிட்டால் களமும் இல்லை, கீறிய கோடும் இல்லை. அன்று காலை அவன் செருப்பை வைத்துக்கொண்டிருக்கும்போது கோலைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்னடா இது, எலி அடிக்கப் போறியா?"

"அளந்து பாரு. கோடு வரைக்கும் வெச்சு அள."

அளந்தான். ஐந்தரைக் கோல் முடிந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, அங்கிருந்து ஸ்டம்பு வரை முழங்கையை ஊன்றிக் கைவிரல் நீட்டினான். விரல் நுனி ஸ்டம்பைக் கொஞ்சம் தாண்டியே நின்றது. எழுந்து முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"பூதலூர் போயிட்டு வந்த மறு ஞாயித்துக்கெழம."

"ஃபைனலுக்கு முன்னாடி."

"ஆமா."

அடிப்பான் என்று நினைத்தேன். ஸ்டம்பைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நட்டான். வரப்பில் கிடந்த தென்னை மட்டையைக் காட்டி, "எடுத்துக்கிட்டு நில்லு" என்றான்.

வெறுங்காலோடு நின்றேன். முதல் பந்து தரையில் படாமல் என் இடுப்புக்கு வந்தது. மட்டையால் தட்டிவிட்டேன், எளிதாக இருந்தது.

"ஆக, தையில இதான் நடந்துருக்கும்" என்றான். நான் சொல்லாததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது, முழங்காலுக்கு. மூன்றாவது, கணுக்காலுக்கு. பந்துக்குப் பந்து எதையோ பிரித்துச் சுற்றுகிற மாதிரி அவன் முகம் இருந்தது. ஏழாவது பந்தை நான் பார்க்கவில்லை. வலது கட்டைவிரலில் சுரீரென்றது. ஸ்டம்ப் சாய்ந்திருந்தது. பிறகு போட்ட எல்லாமே அங்கேதான் விழுந்தன. போதும் என்று நான் சொல்லவில்லை.

போர்செட்டில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்துவந்து சிவப்புக் கோட்டில் கோலை அறுத்தான். அந்த நாலு விரல் மூங்கில் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தையில நான் அளந்துக்குறேன்" என்று வண்டியை மிதித்தான்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் இன்னும் அவனுக்கு முடிந்துவிட்டதென்றே பேசுகிறார்கள். அவன் கேட்டுக்கொண்டு டீயை ஆற்றுகிறான். என்னைப் பார்ப்பதில்லை. அவன் கடை மேஜையில் அந்த மூங்கில் துண்டு இருக்கிறது, பில் புத்தகம் காற்றில் புரளாமல் இருக்க. அடுத்த பருவத்தில் அவன் எழுந்துவிடுவான் என்று ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். இப்போது அவன் கையில் இரண்டு நீளங்கள் இருக்கின்றன. கிரீஸுக்குள் நிற்பவனுக்கு ஒன்று, ஒரு முழம் பின்வாங்கி நிற்பவனுக்கு ஒன்று. இரண்டாவது என் வயலில் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, எழுதினால் அடங்கும் என்று எழுதினேன், அடங்கவில்லை.

மேட்டு வயலில் குறுவை கதிர் விட்டுவிட்டது. களம் இருந்த இடத்தில் மட்டும் மண் இறுகிப் பயிர் கொஞ்சம் குட்டையாக நிற்கிறது, ஐந்தரைக் கோலும் ஒரு முழமுமான நீளத்துக்கு. கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்துவிட்டது. அடியிலிருந்து புது நகம் ஏறி வருகிறது. தைக்குள் முழுசாக வந்துவிடும் போலிருக்கிறது.